கதவில் வாங்கெல்

செவ்வாய்க்கிழமை காலை நெவேனா குப்பைக் கூடையோடு வாசற்கதவைத் திறந்தபோது, கதவில் வாங்கெல் புதிதாக ஒட்டப்பட்டிருந்தார். பசை இன்னும் காயவில்லை. வீட்டுக்காரியின் புருஷன், போன செப்டம்பரில் செத்துப்போன மனிதர், கருப்புக் கட்டத்துக்குள் டையும் கோட்டுமாக நின்று, கூடையை மூடி எடுத்துப் போகக்கூடாதா என்பதுபோல அவளைப் பார்த்தார். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘அவரில்லாத ஓராண்டு’. மூலையில் கருப்பு நாடாவும் புதுசு. அவள் குடிவந்த ஏப்ரலில் ‘அரையாண்டு’ என்று ஒரு தாள் இருந்தது. வெயிலில் அது வெளுத்து, மூக்கு போய், மீசை போய், அப்பாடா, ஒருவழியாக இவர் விடைபெறுகிறார் என்று அவள் நிம்மதியாகியிருந்த நேரத்தில் புத்தம்புது மீசையோடு திரும்பி வந்துவிட்டார்.

ஊர்வழக்கம்தான், தெரியாமல் இல்லை. செத்தவர் வீட்டுக் கதவில் சொந்தக்காரர்கள் தாள் ஒட்டுவார்கள். அதைக் காற்றும் மழையும்தான் கிழிக்க வேண்டும், மனிதர் கைவைக்கக் கூடாது. எதிர்வீட்டுக் கதவில், செத்துப்போன புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தாளில் அக்கம்பக்கமாகப் பத்து வருடமாய்க் குடித்தனம் நடத்துகிறார்கள். அவள் பிறந்து வளர்ந்த ப்ளோவ்திவ் நகரத்திலும் இதெல்லாம் உண்டு. ஆனால் அங்கே எண்பது குடும்பங்களுக்குப் பொதுவான கதவு. யாரோ ஒருவர் யாருக்கோ செத்துப்போயிருப்பார். இங்கே ஒரே கதவு, அதுவும் வாடகை கொடுப்பவள் கதவு.

கொடுக்கிற வாடகை முழு வீட்டுக்கு என்று பெயர். அதில் நல்ல அறை பூட்டியே கிடக்கும். உள்ளே விருந்தாளிக்கென்று பளிங்குக் கோப்பைகள், எந்த விருந்தாளியும் வந்து இவள் பார்த்ததில்லை. வீட்டுக்காரி ஸ்தோய்னா அத்தை முற்றத்துக் கோடைச் சமையலறையில் கட்டில் போட்டுக்கொண்டு இருந்தாள். பெயருக்குத்தான் அங்கே. கதவைத் தட்டும் வழக்கமில்லை, சாவி அவளிடம் இருந்தது. நெவேனா தலைக்கு சோப்புப் போட்டிருக்கும்போது வெந்நீர் சுவிட்சை அணைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டால் பாவம் என்பாள். மற்ற நாளில் காயப்போட்டால் கொடிக்கு அடியிலேயே குடைமிளகாய் சுடுவாள். நெவேனாவின் உள்பாடி வரைக்கும் மிளகாய்ப் புகை வீசும். நகரத்தில் இரண்டு அறைக்குக் கேட்ட வாடகையில் இங்கே வீடும் முற்றமும் என்று கணக்குப் போட்டு வந்தவள் அவள்தான். யாரை நோக?

போகட்டும், புகையும் பூட்டும் பழகிவிடும். இப்போதைய தலைவலி ஒரு கையெழுத்து. மகள் பில்யானாவுக்கு மூன்று வயது. பாலர் பள்ளியில் இடம் கிடைக்க இந்த ஊர் முகவரிப் பதிவு வேண்டும். அதற்கு வீட்டுக்காரி நகராட்சிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று அவர்கள் வந்து ஒரு பார்வையும் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். திங்கட்கிழமை நெவேனா நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இனி ஒரு நாள் விடுப்புக் கேட்டால் வராதே என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் கமென் லாரியோடு எந்த நாட்டில் இருக்கிறான் என்பதே போன் வந்தால்தான் தெரியும்.

“அத்தே, பத்து நிமிஷ வேலை. ஒரே ஒரு கையெழுத்து,” என்று அன்றும் போய் நின்றாள்.

ஸ்தோய்னா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “எம்பது கிலோ மிளகா வந்து எறங்கியிருக்கு, கண்ணு தெரியலையா? மிளகா காத்திருக்குமா, காகிதம் காத்திருக்குமா?”

“காகிதம் காத்திருக்காது. மூணு வாரமா அதத்தானே கத்துறேன்!”

“எம்மகன் ஸ்பெயின்லேருந்து சொல்றான். பதிவுக்குக் கையெழுத்துப் போட்டா அப்புறம் கெளப்பவே முடியாதாம். வீடே எங்களுதும்பாங்களாம்.”

அப்பன் அடக்கத்துக்கு வராமல் மாலை மட்டும் அனுப்பிய மகன். போனில் புத்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நெவேனாவுக்கு வாய்வரை வந்தது. கையெழுத்து முக்கியம் என்று விழுங்கிக்கொண்டாள்.

“சரி, மிளகாய முடிச்சிட்டா வருவீங்களா?”

“மொதல்ல முடி. அப்புறம் பேசு.”

புதன்கிழமை முழுக்க மிளகாய். அத்தை சுட்டுப் போட, நெவேனா தோலுரித்தாள். சூட்டில் விரல்நுனி வெந்து சிவந்தது. பில்யானா விதைகளைத் தலையில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி உலாத்தினாள். சாயங்காலம் பெரிய அண்டாவில் தக்காளியோடு தொக்கு கொதித்தது. நெவேனா கிண்டினாள், அத்தை குறை சொன்னாள். அடிப்பிடிக்கிறதாம், நகரத்துக் கைக்குக் கிண்டத் தெரியாதாம். கடைசி பாட்டிலை மூடியதும் நெவேனா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “அப்ப நாளைக்குக் காலையில நகராட்சிக்கு?”

“நாளைக்கா? நாளைக்கு வாங்கெலோட வருஷம்டி! மனுஷியா நீ?”

அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை அத்தை கல்லறைக்குப் போய்வந்து, சர்க்கரையும் அக்ரூட்டும் போட்ட அவித்த கோதுமையைக் கிண்ணம் கிண்ணமாகத் தெருவுக்குக் கொடுத்தாள். வாங்கியவர்கள் “கடவுள் அவர மன்னிக்கட்டும்” என்றார்கள். நெவேனாவும் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து, அன்று பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்த நகராட்சி ஆட்களுக்காகக் காத்திருந்தாள். தரையைத் துடைத்தாள், பில்யானாவின் படங்களைச் சுவரில் ஒட்டினாள், செருப்புகளை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். பதினொன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. மூன்று மணிக்கு அவளே போன் செய்தாள்.

“நாங்க வந்தோமேம்மா,” என்றாள் நகராட்சியில் வேலை பார்க்கும் பென்கா. குரல் துக்கம் விசாரிக்கும் குரலாக இருந்தது. “ரெண்டு பேரும் வந்தோம். கதவுல வாங்கெல் மாமாவப் பாத்தோம். இன்னிக்குத்தான் வருஷம்னு போட்டிருக்கு. அந்தக் கதவத் தட்டி, பேரென்ன, படுக்கை எத்தனைன்னு எப்படிம்மா கேக்குறது? மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துட்டோம். நல்ல மனுஷன்.”

“அக்கா, நான் உள்ளதான் இருந்தேன்! காலையிலேருந்து இருந்தேன்!”

“துக்க வீடுன்னு எழுதியாச்சும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அடுத்த வருஷம்! நெவேனா போனை வைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனாள். வாங்கெல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யோசிக்கவில்லை. மேல்மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். அத்தை நன்றாகத்தான் பசை போட்டிருந்தாள். தாள் கீற்றுக் கீற்றாக வந்தது, முதலில் ஓராண்டு, பிறகு நெற்றி, ஒரு காது. “என் வீடு! நான் இருக்கேன், நான் உயிரோட இருக்கேன்!” என்று அழுதுகொண்டே சுரண்டினாள். மீசை மட்டும் வரவே மாட்டேன் என்றது.

திரும்பிப் பார்த்தால் ஸ்தோய்னா. கையில் காலிக் கிண்ணங்கள். அவள் கத்தியிருந்தால் தேவலை. அத்தை, நெவேனாவின் காலடியில் கிடந்த கீற்றுகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், முற்றத்துச் சமையலறைக்குப் போய் உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். அன்று வெந்நீர் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. நெவேனாவுக்குக் குளிக்கத் தோன்றவில்லை. செத்த மனிதர் முகத்தையா கிழித்தேன் என்று நகத்திலிருந்த பசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்குக் கையெழுத்தும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சமையலறை பூட்டிக் கிடந்தது. கெஞ்சியாவது பார்ப்போம் என்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நகராட்சிக்கு ஓடினாள். அங்கே பென்காவின் மேசைக்கு முன்னால், கருப்புடையில், மடியில் அடையாள அட்டையோடு ஸ்தோய்னா உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஒரு பாட்டில் தொக்கு.

“எட்டு மணியிலேருந்து உக்காந்திருக்கேன்,” என்று அவளையே அதட்டினாள். “பத்து நிமிஷ வேலைன்னியே? ஆடி அசைஞ்சு வர்ற!”

பென்கா இழுத்தாள். “நேர்ல பாத்தாத்தானே, அத்தே...”

“என்னத்தப் பாக்கணும்? இவ இல்லாம வேற யாரு என் கொடியில ஞாயித்துக்கெழம துணி காயப்போடுறா? எழுதுடி!”

பென்கா எழுதினாள். ஸ்தோய்னா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் நெவேனா, “அத்தே, நேத்து நான்...” என்று ஆரம்பித்தாள்.

“வாய மூடு. உனக்கு முன்னாடி ஒரு வாத்தியார் ஆறு மாசம் இருந்தான். கதவுல இருக்கிறது யாருன்னு ஒரு நாள் கேட்டதில்ல. வழிப்போக்கன், எதுக்குக் கேக்கப் போறான்? நீ நகம் பிய்யப் பிய்யச் சுரண்டின. தன் கதவுன்னு நெனக்கிறவதான் அப்படிச் சுரண்டுவா.” நாலடி நடந்து நின்றாள். “இன்னொரு தடவ கைவச்சே, வெரல ஒடிச்சுருவேன்.”

வீட்டுக்கு வந்ததும் அத்தை மைதாப் பசைக் கிண்ணத்தையும் பழைய பிரஷ்ஷையும் கொண்டுவந்து நெவேனா கையில் திணித்தாள். கக்கத்தில் இன்னொரு வாங்கெல். இருபது பிரதி அடித்து வைத்திருந்தாளாம்.

“எனக்கு எட்டல. நீயே ஒட்டு.”

போன தடவை எப்படி எட்டிற்று என்று கேட்க வாயெடுத்தவள், கதவில் மிஞ்சியிருந்த மீசையை ஈரத்துணியால் துடைத்தாள். நடுவில், முன்பு இருந்த இடத்திலேயே தாளை வைத்துப் பார்த்தாள்.

“நடுவுல வேணாம். இடதுபக்கமாத் தள்ளு.”

தள்ளினாள்.

“இன்னும் தள்ளு.”

“இதுக்கு மேல தள்ளுனா கதவ விட்டு வெளிய போயிருவார், அத்தே!”

“சரி, அங்கயே ஒட்டு. மூலைய நல்லா அழுத்து. பழகிக்க.”

அழுத்தினாள். முழங்கை வரைக்கும் பசை வழிந்தது. பில்யானாவும் உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒட்டினாள். அத்தை இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கொடிக்கு அடியில் புகை கிளம்பியது.

நெவேனா கையைத் துடைக்காமல் நின்றாள். இடது ஓரத்தில் டையும் கோட்டுமாக வாங்கெல். அவருக்கு வலதுபக்கம், எதிர்வீட்டுக் கதவில்போல இன்னொரு தாள் சரியாகக் கொள்கிற அளவுக்கு, வெறும் கதவு.