ஒரு முறைக்கு ஒரு துறைமுகம்

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்கு விடுமுறை. கண் பரிசோதிக்கும் பின்னறையில் நான்கு பேர் கூடிக் கப்பல் ஆட்டம் ஆடுவார்கள்: கடைக்கார அம்மா, ஒரு நர்ஸ், ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவருடைய அக்கா கணவரான பஸ் டிரைவர். அன்று ஒரு பத்திரிகை நிருபரும் புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். பெரியவர்கள் கூடி போர்டு கேம் ஆடுவதைப் பற்றி ஞாயிறு மலரில் ஒரு பக்கம் வரப்போகிறது.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஒரு மரக்கப்பல். தன் முறை வரும்போது கப்பலை நகர்த்தி, துறைமுகத்தில் சரக்கை இறக்கினால் புள்ளி. எந்தத் துறைமுகமும் எல்லாச் சரக்கையும் வாங்காது. எதை எங்கே தள்ளிவிடுவது என்பதில்தான் மூளைக்கு வேலை. டிரைவருக்கு அது கைவந்த கலை. ஒரே முறையில் இரண்டு துறைமுகங்களைத் தொட்டு, கப்பலைக் காலி செய்துவிடுவார். அறுபத்தொரு வாரமாக அவரை யாரும் ஜெயித்ததில்லை.

"அறுபத்தொண்ணா? அதையே தலைப்பா வெச்சிடலாம்," என்றார் நிருபர்.

டிரைவர் காலரைச் சரிசெய்துகொண்டார். இருபது வருட வேலையில், வண்டி தாமதம் என்று வந்த புகார்களைத் தவிர அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதியதில்லை.

புகைப்படக்காரர் விதிப்புத்தகத்தை விரித்து வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் மெக்கானிக். பக்கத்தைத் திருப்பியவர் அப்படியே நின்றார். படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில், ஒரு முறைக்கு ஒரு துறைமுகத்தில் மட்டுமே சரக்கு இறக்கலாம் என்று இருந்தது. படத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் இரண்டு துறைமுகங்கள். முதல் நாள் அவசரத்தில் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கட்டைவிரலை அந்த வரிமேல் வைத்தார்.

"விரலை எடுங்க சார், எழுத்து மறையுது."

"இருக்கட்டுமே. கை தெரிஞ்சா படம் நல்லா இருக்கும்."

"பெருசா போடப் போறோம் சார். எழுத்து தெளிவா வரணும்."

இந்த ஆட்டம் தெரிந்த ஒரே ஒருவர் அந்த வரியையும் தலைப்பையும் சேர்த்துப் படித்தால் போதும். மச்சான் ஊரறிந்த ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார். சொன்னாலோ, இங்கேயே, இப்போதே அவர் முகம் செத்துவிடும்.

"என்ன மாப்ளே, லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறே?" என்றார் டிரைவர்.

"மச்சான், நான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்." விரலை எடுத்தார்.

டிரைவர் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். காலரிலிருந்த கை மெல்ல இறங்கியது.

"எல்லாருமே அப்படித்தானே ஆடினோம்," என்றார் நர்ஸ்.

"ஜெயிச்சது நான்தானேம்மா."

நிருபரின் பேனா அசையவில்லை. டிரைவர் கப்பல்களைத் தொடக்க இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"புத்தகத்துல இருக்கற மாதிரியே ஒரு ஆட்டம் ஆடுவோம். அவங்க பாத்து எழுதட்டும்."

ஒரு மணி நேரம் யாரும் நிமிரவில்லை. ஒவ்வொரு முறையும் டிரைவரின் விரல் இரண்டாவது துறைமுகம்வரை போய்த் திரும்பியது. மெக்கானிக் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்து, தன் ஆட்டத்தைக் கோட்டைவிட்டார்.

கடைக்கார அம்மா ஜெயித்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார். டிரைவர் மூன்றாவது.

"நான் என்ன சார் எழுதட்டும்?" என்றார் நிருபர்.

"மூணாவதுன்னே எழுதுங்க. கடைசியா வந்தது யாருன்னும் போடுங்க. அவர்தான் எங்க வாத்தியார்."