துரோகி ஒருவன் தேவைப்பட்டான்

ரூசிச் வீட்டு வாசலில், ஒரு கையில் ஒயின் புட்டியும் மறுகையில் அரைக் கிலோ காப்பித்தூளுமாக நான் நின்றபோது, என் இரண்டு கால்களும் என்னைக் கேட்காமலே பெல்கிரேடு திரும்பும் பேருந்தைத் தேடிக்கொண்டிருந்தன. எழுபத்தெட்டு வயதுக் கால்கள். மூன்று நாட்டு அதிபர்களுக்கு முன்னால் பின்வாங்காதவை. ஒரு தகரக் கதவுக்கு முன்னால் பின்வாங்கின.

அன்று லூக்கா திருநாள். ரூசிச் குடும்பத்தின் ஸ்லாவா. செர்பியர்களாகிய எங்களில் குடும்பத்துக்கு ஒரு காவல் புனிதர். அவருடைய நாளில் அந்த வீட்டுக் கதவு யாருக்கும் திறக்கும். யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்பதுமில்லை. பரம விரோதியே வந்தாலும் உட்கார வைத்துச் சோறு போட்டாக வேண்டும். இந்தச் சலுகையை நம்பித்தான் வந்திருந்தேன். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களில் போயிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது அவர்கள் வீட்டு நாய்தான்.

நான் வெலிசார். இருபது வருஷம் ஆவணக் காப்பகத்துத் தூசியைத் தின்ற வரலாற்றாளன். நான் தும்மினால் பதினெட்டாம் நூற்றாண்டு வெளியே வந்து விழும் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். பிறகு பாராளுமன்ற உறுப்பினன். பிறகு லிஸ்பனில் தூதர். தோற்றுப்போன போர்களுக்கு மக்கள் எப்படி ஒரு துரோகியைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தோல்விக்குக் காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு முகம் வேண்டும். அதனால் ஓர் அப்பாவியின் பெயர் நூறு வருஷம் கழித்து இழுத்துவரப்படுகிறது என்று அறுநூறு பக்கங்களில் நிறுவியிருந்தேன். அதை நான்கு பேர் படித்தார்கள். அதில் ஒருவன் நான். என் மனைவி தெசாங்கா இரண்டு முறை படித்ததாகச் சொல்லிக்கொள்வாள். பொய்.

1990-இல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு பல கட்சிகள் நின்ற தேர்தலில், வாக்குக் கேட்டுக் குருஷாரி கிராமத்துக்கு வந்தேன். டிராக்டர் பெட்டியின் மேல் நின்று பேச்சு. எண்பது பேர் இருந்தார்கள். பாராளுமன்றத்தில் சொன்னபோது அது எண்ணூறானது. லிஸ்பன் விருந்துகளில் எட்டாயிரம். பழைய நிலச் சட்டங்களைப் பற்றி நான் அழகாக ஆரம்பித்ததும் கூட்டம் சாராயக்கடையை நோக்கி நகர்ந்தது. போகிறவர்களின் முதுகைப் பார்த்துப் பேசுவதைப் போல ஓர் அவமானம் உலகத்தில் இல்லை. சட்டென்று 1914-ஐ எடுத்தேன்.

அந்த வருஷம் எதிரிப்படை குருஷாரிப் பாலத்தைக் கடந்ததைப் பற்றி ஒரு ராணுவ அறிக்கை இருக்கிறது. என் கையாலேயே நகல் எடுத்தது. "பாலத்தில் யாரும் இல்லை. கிராமத்தில் யாரும் இல்லை. பன்றிகளும் இல்லை." அவ்வளவுதான். ஊரே குழந்தைகளையும் பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு ஒன்பது நாள் காட்டுக்குள் இருந்தது. புத்திசாலி ஜனங்கள். ஆனால் நான் டிராக்டர் பெட்டியில் நின்று, பதினேழு வாலிபர்கள் மூன்று நாள் அந்தப் பாலத்தைத் தாங்கிப் பிடித்தார்கள் என்றேன். முதுகுகள் திரும்பின. தோட்டா தீர்ந்ததும் கல்லால் அடித்தார்கள் என்றேன். கடைக்குள் போனவர்கள் வெளியே வந்தார்கள். கல்லும் தீர்ந்ததும் உறைந்த பூசணிக்காயால் அடித்தார்கள் என்றேன். கடவுளே, அதற்கும் கைதட்டினார்கள். அப்போது ஒரு குரல்: "அப்படீன்னா எதிரி எப்படிய்யா பாலத்தத் தாண்டுனான்?"

அறுநூறு பக்கம் எழுதியவனிடம் கேட்ட கேள்வி. துரோகி ஒருவன் தேவைப்பட்டான். படையில் சேர வேண்டியவர்களின் பழைய பட்டியலில் பார்த்த ஒரு பெயர் நாக்கில் வந்து உட்கார்ந்தது: நிக்கோதியே ரூசிச். அதன் பக்கத்தில் ஒரு குமாஸ்தா, "குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார், தகவல் இல்லை" என்று எழுதியிருந்தான். வருத்தப்பட ஆள் இல்லாத பெயர். ஆற்றைக் கடக்கும் இடத்தை அவன்தான் எதிரிக்குக் காட்டினான் என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். அவரைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினேன்.

அவர்தான் நிக்கோதியேயின் பேரன் மிலிசாவ். குடும்பம் மூன்றே வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டிருந்தது. குமாஸ்தா அதை எழுதவில்லை.

குருஷாரியில் எல்லா ஓட்டும் எனக்கு விழுந்தது. செத்தவர்களில் இரண்டு பேர் போட்டதும் சேர்த்து. ஊர்த் தலைவர் போரிவோயே பாலத்தடியில் பளிங்குக் கல் நட்டு, அவராகவே தேர்ந்தெடுத்த பதினேழு பெயர்களைப் பொறித்தார். முதல் பெயர் அவருடைய தாத்தாவினுடையது. நான் லிஸ்பனில் இருந்தபோது மிலிசாவின் மகள் யாகோதாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "தபாலாபீசில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பாலத்தை விற்றவள் என்று கூப்பிட்டார்கள், அது போகட்டும். இந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் எங்கள் அப்பாவை யாரும் கூம் ஆக்கவில்லை. தன் தாத்தா காட்டிக்கொடுத்தார் என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று மட்டும் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாராம்." எங்களுக்குக் கூம் என்றால் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்பவன், ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்துபவன், ரத்த உறவுக்கும் மேலே. தங்கள் கடிதம் உரிய கவனத்தில் இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். தடித்த காகிதம், அரசு முத்திரை. அதை எழுதியபோது நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு நல்ல வார்த்தைக்காக யோசித்தது நினைவிருக்கிறது.

போன மாதம் போரிவோயே ஒரு பொதி அனுப்பினார். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய ஊர் வரலாறு. முன்னுரை நான் தர வேண்டுமாம். உற்சாகமாகக் காற்புள்ளிகளைத் திருத்திக்கொண்டே போனேன். நாற்பத்தோராம் பக்கத்தில் நிக்கோதியே ரூசிச் என்ற பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அடிக்குறிப்பில் ஆதாரம்: நான்.

தெசாங்காதான் சொன்னாள். "ஏ மனுஷா, முன்னுரைய அப்புறம் எழுதலாம். மொதல்ல போய் அந்த ரூசிச் வீட்டு ஆள் மூஞ்சியப் பாரு."

கதவைத் திறந்தது யாகோதா. ஐம்பது வயதிருக்கும், கன்னத்தில் மாவு.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். டிவில பார்த்திருக்கேன். கடுதாசியும் வந்துச்சு." ஒயினையும் காப்பியையும் வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க. இன்னிக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது."

அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்த கோதுமையை நீட்டினாள். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக விருந்தாளி ஒரு கரண்டி சாப்பிட வேண்டும். சாப்பிட்டேன். நிக்கோதியேவுக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியதும் மெல்லுவதை நிறுத்தினேன். நான் முழுங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். மீதி நாட்களில் இந்த வாசலை மிதிக்காதவர்கள். தலைமாட்டில் மிலிசாவ், எண்பத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்து, தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். போரிவோயே மட்டும் எழுந்து வந்து என் முதுகில் ஓர் அடி வைத்தார். அந்த அடியில் ஓர் எருமை படுத்திருக்கும்.

"அட நம்ம புரொபசர்! லிஸ்பன்ல மீனத் தின்னு தின்னு வத்திப்போயிட்டீங்களே! யாகோதா, இவருக்கு ரெண்டு மடங்கு பன்னிக்கறி வையி. முன்னுரை எழுதணும், தெம்பு வேணும்."

சூப் வந்தது, முட்டைக்கோஸ் சுருட்டல் வந்தது, ராக்கியா என்ற பழச் சாராயம் வந்துகொண்டே இருந்தது. மிலிசாவின் காதில் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். மெல்லிய குரலில், ஈரக் கண்ணோடு ஒரு வார்த்தை. கிழவர் என் கையைத் தட்டிக்கொடுப்பார். நான்கு மணி பேருந்தைப் பிடித்துவிடலாம். மன்னிப்பை அவ்வளவு மலிவாக வாங்கத் திட்டமிட்டிருந்தேன். ஆனால் போரிவோயே விடவில்லை.

"புரொபசர், பாலத்துக் கதையச் சொல்லுங்க. உங்க வாயால கேட்டு எத்தன வருஷமாச்சு! அந்தப் பூசணிக்கா கட்டம்!"

யாகோதா ரொட்டிக்கூடையோடு அப்படியே நின்றாள். மிலிசாவ் தன் தட்டைப் பார்த்தார். இந்த வீட்டில், இந்த மேசையில் கேட்கிறோம் என்பதே போரிவோயேவுக்கு உறைக்கவில்லை.

சொல்லிவிட்டேன். "அந்தக் கதை பொய். நிக்கோதியே ரூசிச் யாரையும் காட்டிக்கொடுக்கலை. நானா கட்டிவிட்டது."

போரிவோயே தொடையில் அடித்துச் சிரித்தார்.

"பாத்தீங்களாய்யா! தூதர்னா தூதர்தான்! யார் வீட்டு சூப்பக் குடிக்கிறாரோ அவங்க தாத்தாவ நல்லவராக்கிட்டார்!"

மேசையே சிரித்தது. கிண்டலாக அல்ல, பாசமாக. விருந்தாளி மரியாதை தெரிந்தவர் என்று ஒருவர் என் கோப்பையை நிரப்பினார். ஸ்லாவா வீட்டில் வீட்டுக்காரரைப் புகழாமல் யார் பேசுவார்கள்? என்னை உள்ளே விட்ட வழக்கமே என் வாக்குமூலத்தை உபசார வார்த்தையாக்கிவிட்டது. போரிவோயே குனிந்து கண்ணைச் சிமிட்டினார்: "புரியுது, புரியுது. முன்னுரைல மட்டும் பழையபடி எழுதிடுங்க."

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் தெசாங்காவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்னது சொன்னதாகவும் ஆயிற்று, யாரும் நம்பவுமில்லை. இதைவிட உத்தமமான ஒப்பந்தத்தை எந்த மாநாட்டிலும் நான் முடித்ததில்லை. நானும் சிரித்தேன். கோப்பையை உயர்த்தினேன். உயர்த்தியபோது மிலிசாவின் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபமில்லை. நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். என் கழுத்திலிருந்து காதுவரை ரத்தம் கொதித்துக்கொண்டு ஏறியது. எழுபத்தெட்டு வருஷத்தில் எனக்கு அப்படிச் சிவக்கத் தெரியும் என்றே தெரியாது.

அவர் மேசையை ஊன்றி எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். திருநாள் ரொட்டியை உடைக்கும் நேரம்.

அடிப்பக்கத்தில் சிலுவையாக வெட்டி ஒயின் ஊற்றிய பெரிய வட்ட ரொட்டி. வீட்டுக்காரர் ஒரு பக்கம், எதிரே கூம் போல மதிப்புக்குரிய ஒருவர் மறுபக்கம் பிடிக்க, மற்றவர்கள் விரலை வைத்து எல்லோருமாக அதைச் சுற்றி, பிறகு உடைப்பார்கள்.

"புரொபசர், அந்தப் பக்கத்தப் புடிங்க," என்றார் மிலிசாவ்.

"அப்பா, அது நான் புடிக்கிறது," என்றாள் யாகோதா.

"முப்பத்திரண்டு வருஷமா நீதான் புடிச்ச. கூம் இல்லாத வீடு. இன்னிக்கு அவரு புடிக்கட்டும்."

பிடித்தேன். பத்துப் பேரின் விரல்களும் ரொட்டியின் விளிம்பில் வந்து அமர்ந்தன. மிலிசாவ் மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். பாதிச் சுற்றில் நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்க. உக்காந்து சொன்னா விருந்தாளி பேச்சு. இதப் புடிச்சுக்கிட்டு யாரும் மரியாதைக்காகப் பேச மாட்டாங்க."

அலங்காரமாக ஒரு வாக்கியத்தைத் தேடினேன். நாற்பது வருஷம் கேட்டபோதெல்லாம் வந்தது, அன்று வரவில்லை.

"பாலத்துல யாரும் சண்டை போடலை. அறிக்கையை நான் படிச்சேன். ஊரே காட்டுல இருந்துச்சு. துரோகி யாரும் இல்லை. தெரிஞ்சேதான் சொன்னேன், ஓட்டுக்காக."

யாரும் சிரிக்கவில்லை. போரிவோயேவின் கட்டைவிரல் என் சுண்டுவிரலை உரசிக்கொண்டிருந்தது. அது குளிர்வது எனக்குத் தெரிந்தது.

"பதினேழு பேரும்?" என்றார்.

"பதினேழு பேரும்."

"எங்க தாத்தா?"

"காட்டுலதான். ஒன்பது நாள். புள்ளைங்கள்ல ஒண்ணுகூடச் சாகலை, போரிவோயே."

"அப்ப அந்தக் கல்லுல நான் வருஷா வருஷம் யாருக்குய்யா மாலை வெச்சேன்?" என்றார் போரிவோயே.

அவர் கை ரொட்டியிலிருந்து விலகியது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் கை விலகியது. பிறகு அடுத்தவர். பத்துக் கைகள் தாங்கியபோது எடையே தெரியாத ரொட்டி ஒவ்வொரு கை போகப் போகக் கனத்தது. நாற்காலிகள் நகரும் சத்தம், கூடத்தில் யாரோ மேலங்கியைத் தேடும் சத்தம், வெளியே நாயின் குரைப்பு. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரே மிலிசாவின் இரண்டு கைகள் மட்டும் இருந்தன. நகங்களைச் சுத்தமாக வெட்டி, சவரச் சோப்பு மணக்கும் கைகள்.

அவர் உடைக்கவில்லை. வலப்பக்கமாக, மிக மெதுவாக, இன்னொரு சுற்றுக்குத் திருப்பினார். நானும் கூடவே அடியெடுத்து வைத்தேன். வெட்டிலிருந்து ஒயின் கசிந்து என் மணிக்கட்டில் இறங்கி, சட்டைக்கைக்குள் முழங்கைவரை ஓடியது. துடைக்க ஒரு கையை எடுத்தால் ரொட்டி சாய்ந்துவிடும்.