டிரெய்லரின் பின்கதவு

பாடையைத் தோளில் ஏற்றிய நாலு பேரும் நெருங்கி வரும்போது, ஆயம்மாள் டிரெய்லரின் பின்கதவைத் தூக்கிச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

"பின்னாடி லைட்டு எரியட்டும். பெறகு எந்தம்பிய ஏத்துங்க."

பகல் மூன்று மணி. இந்த வெளிச்சத்தில் லைட்டு எதற்கு என்று தெருவே அவளைப் பார்த்தது. எடுத்த பாடையைத் தெருவில் இறக்கக் கூடாது. தூக்கியவர்கள் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

"துக்கத்துல புத்தி கலங்கிருச்சு" என்றார் பெத்துராஜ், எல்லாருக்கும் கேட்கும்படி.

பெத்துராஜ்தான் டிராக்டருக்கு முதலாளி. மலையில் ஏலத்தோட்டம், போடியில் ஏலக்காய் ஸ்டோர். செத்துப்போன சுருளிவேல் அவருடைய டிரைவர். நேற்று அந்தியில், ராசிங்காபுரத்துக்கு இந்தப் பக்கம் விறகு லோடை ஓரமாக நிறுத்திவிட்டு, தளர்ந்த கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. டிரெய்லருக்கு ஒரு கீறலோடு சரி. முதலாளி காலையிலேயே அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பிணம்தான் மத்தியானம் வந்து சேர்ந்தது.

வந்ததிலிருந்து அவருக்கு ஒரே பல்லவி. "நல்ல பையன். என்ன செய்ய, நடுரோட்டுல நிப்பாட்டியிருக்கான். வாசன வேற அடிச்சுச்சுங்கிறாக." பீடிகூடக் குடிக்காதவனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அதற்குத் தலையாட்டவும் ஆள் இருந்தது. நாளைக்கு அவர் ஸ்டோரில் வேலை கேட்டுப் போய் நிற்க வேண்டிய தலைகள், வேறென்ன செய்யும்?

முதலாளிமேல் இருந்த இளப்பத்தில் பாதி ஆயம்மாளுக்குத் தம்பிமேலும் இருந்தது. "டிரைலரு லைட்டு பியூஸத் தின்னுக்கிட்டே இருக்குக்கா. பின்கதவு சாத்துனாப் போயிருது" என்று மூன்று நாளாக அவளிடம் வந்து சொன்னான். "எங்கிட்டச் சொல்லி? மொதலாளிகிட்டப் போயி வாயத் தொற" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். திறந்திருக்க மாட்டான். குழம்பில் உப்பில்லை என்று பெண்டாட்டி பொன்னுமணியிடம் சொல்லவே ரெண்டு நாள் யோசிக்கிற ஆள். இருபது வருஷமாக ஸ்டோரில் உட்கார்ந்து ஏலக்காயில் விதையில்லாத பொக்கைப் பொறுக்கித் தள்ளுகிறவள் ஆயம்மாள். தம்பியையும் அந்தக் குவியலில்தான் சேர்த்திருந்தாள். வாய் திறந்திருந்தால் இப்படிக் கிடப்பானா என்ற ஆத்திரத்தில் அவளுக்குக் காலையிலிருந்து அழுகையே வரவில்லை.

அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும், குடித்துவிட்டுச் செத்தான் என்ற பேரோடு அவனைச் சுடுகாட்டுக்கு அனுப்ப அவள் தயாராக இல்லை.

"ஏ ஆயம்மா, கூத்தடிக்கிற நேரமா இது? மழ வரப்போகுது."

"எரியாத லைட்டோட எந்தம்பி ஒருக்கா போனது போதும் மொதலாளி. அது எரியுமா எரியாதான்னு ஊரும் பாக்கட்டும்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பெத்துராஜ் சோலைமலையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "வெரசா பாத்து விடுப்பா."

சோலைமலை முதலாளியின் மெக்கானிக். இடுப்பில் ஒரு ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டதைத் தவிர அந்தப் பட்டத்துக்கு அவன் வேறொன்றும் செய்ததாக ஆயம்மாளுக்குத் தெரியாது. டிரெய்லர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புது பியூஸ் போட்டான். டிராக்டர் லைட்டு எரிந்தது. "பாத்தீகளா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பிளக்கைச் செருகினான். பியூஸ் போனது. பல்புதான் கோளாறு என்று பின்பக்கத்து ரெண்டு பல்பையும் கழற்றிவிட்டு இன்னொரு பியூஸ் போட்டான். அதுவும் போனது. பல்பே இல்லாமல் பியூஸ் போகிறதென்றால் வயரில்தான் கோளாறு என்பது பாடை தூக்கியவர்களுக்கே புரிந்துவிட்டது. மெக்கானிக் மட்டும் சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளை உருவி, மடித்து பியூஸ் இருந்த இடத்தில் வைக்கப் போனான்.

"வையி. வயரு பத்திக்கிட்டா இங்கனயே வெந்துருவான். சுடுகாட்டுக்கு வெறகு மிச்சம்" என்றாள் ஆயம்மாள்.

அவன் தாளைக் கீழே போட்டான்.

"கதவத் தொறந்து போட்டுப் பாரு" என்றாள்.

கதவை இறக்கி, பல்பை மாட்டி, மூன்றாவது பியூஸைப் போட்டான். சிவப்பு விளக்கு ரெண்டும் எரிந்தன. கதவைத் தூக்கிச் சாத்தினான். அணைந்தன. சோலைமலை டிரெய்லருக்கு அடியில் நுழைந்தான். கதவுக் கீலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வயர் மாட்டியிருந்தது. கதவு சாத்தும்போதெல்லாம் நசுங்கி, மேல்தோல் உரிந்து, உள்ளே செம்பு விரல் நகமளவு தெரிந்தது.

"இதத்தேன் அவனும் காட்டுனான்" என்றான் அடியிலிருந்து. முதலாளியின் முகம் அங்கிருந்து தெரியாது. அதனால்தான் தைரியம் வந்ததோ என்னவோ.

"யாரு?" என்றாள் ஆயம்மாள்.

"சுருளிதேன். தெனமும் சொன்னான்க்கா. நேத்து லோடு ஏத்துன பெறகு, வெறக எறக்கிக் கதவத் தொறந்து டேப்பு சுத்துனாத்தான் வண்டிய எடுப்பேன்னு சாவிய மொதலாளி முன்னாடி வச்சிட்டான். ஏத்துன வெறக எறக்குறதாவது, பிளக்கப் பிடுங்கிட்டு ஓட்டு, இல்லாட்டி வேற சோலி பாத்துக்கன்னுட்டாரு. பொன்னுமணிக்கு ஏழு மாசமில்ல... கொஞ்சம் நின்னு பாத்துட்டுச் சாவிய எடுத்துக்கிட்டான்."

பெத்துராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பாடைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. இவ்வளவு நேரமும் தலையாட்டியவர்கள் அவரைவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்கள்.

"சாவிய வச்சானா?" என்று ஆயம்மாள் மறுபடியும் கேட்டாள்.

"வச்சான்க்கா. சத்தம் போட்டுத்தான் பேசுனான். ஸ்டோர் பூராம் கேட்டுச்சு."

நேற்று ஆயம்மாள் வேலைக்குப் போகவில்லை. அவள் பாடையைப் பார்த்தாள். பார்க்க வெட்கமாக இருந்தது.

வயரை ரெண்டு விரல்கடை தள்ளி வைத்து, டேப்பு சுற்றி, சணலால் கட்டியதோடு வேலை முடிந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. புது பியூஸைப் போட்டுக் கதவைச் சாத்தியும் விளக்கு எரிந்தது.

"எரிஞ்சிருச்சுல்ல, அணைச்சிட்டு ஏத்துங்கப்பா. பேட்டரி எறங்கிரும்" என்றார் பெத்துராஜ்.

டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்த சோலைமலை அவர் பக்கமே திரும்பவில்லை. "அணைக்கவாக்கா?"

"எரியட்டும்."

பாடையை ஏற்றினார்கள். கொண்டியை அவளே போட்டாள். தெருமுக்கில் பெண்கள் நின்றுகொண்டார்கள். டிராக்டர் மெயின் ரோட்டில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டு ரோடே மங்கிவிட்டது; சிவப்பு விளக்கு ரெண்டு மட்டும் தெரிந்தன. பின்னால் வேகமாக வந்த தேவாரம் பஸ் தூரத்திலேயே வேகம் குறைந்து, ஓரம் கட்டி நின்றது. ஆயம்மாள் முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.