தோணிக்காரர் போட்ட ஆகாயக் கணக்கு

1

பனிமய மாதா கோயில் இருக்கும் திசை பார்த்துச் சத்தியம் செய்கிறேன்: இனி வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. 'லண்டன்–பம்பாய், ஒன்பதே மணி நேரம்' என்று பேப்பரில் ஒரு விளம்பரம் கண்டு அதிர்ந்துபோனேன். காப்பியைக் குடிக்கவும் மறந்தேன். அந்த அதிர்ச்சியில் பிறந்தது இந்தக் கதை.

2

தொடக்கம்: 1949-ஆம் ஆண்டு, தூத்துக்குடிக் கடலில் அலைகள் ஆர்ப்பரித்துக்

(வேண்டாம். அன்று கடல் சும்மாதான் கிடந்தது.)

மறுபடியும்: லண்டனில் சமையல் வேலை பார்த்த கிளாட்வினிடமிருந்து ஆக்னஸுக்குத் தந்தி வந்தது. 'இன்று விமானம் ஏறுகிறேன்.' அவளுக்கு அவன்மேல் உயிர். அவளுடைய அப்பா ரோச், கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர், வைத்திருந்த கெடு சாம்பல் புதனுக்கு முந்தின நாள். அந்தப் புதனன்று தபசுக் காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை கோயிலில் கலியாணம் கிடையாது. அதற்குள் கிளாட்வின் வராவிட்டால் கலியாணப் பேச்சு முறியும். ஈஸ்டர் கழிந்து அவளுக்கு வேறு மாப்பிள்ளை. அவன் பெயர் இஞ்ஞாசி, ரோச்சின் தோணிக்குப் பாய் தைப்பவன். கெடுவுக்கு இன்னும் ஐந்தே நாள்.

(இந்த இஞ்ஞாசி கதைக்குத் தேவையா என்று எனக்கே சந்தேகம். ஆனால் நல்ல லட்சணமான ஆள். அடித்துவிட மனம் வரவில்லை.)

3

ரோச் கடல்படத்தை விரித்து, லண்டனிலிருந்து பம்பாய்க்கு நூல் பிடித்தார்.

"ஐயாயிரம் மைலு. இது வாடைக் காலம், காத்து எதுத்து அடிக்கும். வளைஞ்சு வளைஞ்சுதான் வரணும். பத்தாயிரம்னு வச்சுக்க."

"பிளேனுக்குப் பாயே கிடையாதாம்ப்பா," என்றாள் ஆக்னஸ்.

"ஏளா, பாயில்லாம எதைப் பிடிச்சு ஓடும்? யாருகிட்ட சொல்லுத?"

"பாயில்லாம ஒண்ணும் நகராது மாமா," என்றான் இஞ்ஞாசி, மிகுந்த துக்கத்தோடு.

"ராத்திரியில நங்கூரம் வேற போடணும்லா. இவன் தபசு முடியுற பெரிய வெள்ளிக்குத்தான் வந்து எறங்குவான்," என்றார் ரோச்.

"எங்கன போடுவாவ? மேகத்துலயா?" என்று கேட்டபோது ஆக்னஸின் குரல் உடைந்துவிட்டது.

"அது அவன் பாடு."

கெடுவின் கடைசி நாள் சாயங்காலம் வாசலில் ஒருவன் பெட்டியோடு நின்றான். கிளாட்வின்! ரோச் சிலுவை போட்டுக்கொண்டார். இஞ்ஞாசி விரலில் ஊசியைக் குத்திக்கொண்டான்.

"ஏலே, கணக்குப்படி நீ இன்னும் சீமைக் கடலே தாண்டலயே!"

"பம்பாய்க்கு ஒருநாள்தான் மாமா. மிச்சமெல்லாம் ரயிலு."

"அப்ப நீ ஆவியா?"

"பசிக்கிற ஆவி மாமா. சோறு இருக்கா?"

ஆக்னஸ் சிரித்தாளா, அழுதாளா

(இந்த வாக்கியத்தை எழுபது தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.)

4

முடிவு ஒன்று: ரோச் நூலைச் சுருட்டி எறிந்தார், விளக்கு வைக்குமுன் கோயிலில் கலியாணம்.

முடிவு இரண்டு: ரோச் தம் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. "நீ பெரிய வெள்ளிக்கு வா," என்று கதவைச் சாத்தினார்.

முடிவு மூன்று: சாத்திய கதவை ஆக்னஸ் திறந்தாள்.

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு தகவல் மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஈஸ்டருக்கு மறுவாரம் ஆக்னஸுக்குத் தாலி கட்டிய இஞ்ஞாசி நான்தான், அந்தக் கிளாட்வினை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.