ஹங்கேரி மொழியில் ஒரு மூச்சு

தொண்டைக்குழி உள்ளே போய்ப்போய் வருகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் கொர்ரென்று ஓர் இழுப்பு, செண்பகம் மகனை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள், டெப்ரெட்சென் நகரத்து மத்தியான வெயிலில் வெளியே பனி உருகிச் சொட்டுகிறது, ஃபேக்டரியில் இருக்கும் புருஷன் போனை எடுக்கவில்லை, ஒரு குளிர்காலம்கூட முழுசாகத் தாண்டாத ஊர், அவளுக்குத் தெரிந்த ஹங்கேரி மொழியெல்லாம் வணக்கம், நன்றி, ஆமா, இல்லை, கதவு, ஜன்னல், இதை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள், ஒரு பொம்பளைக் குரல், தெருப்பேரும் வீட்டு நம்பரும் சொல்லிவிட்டாள், படித்த இங்கிலீஷெல்லாம் அந்த நேரம் பார்த்துப் பறந்துபோய் வாயில் தென்காசித் தமிழ்தான் வந்தது, யம்மா, பிள்ளைக்கு கொர்கொர்னு இழுக்கும்மா, நம்மூர் டாக்டரிடம் அப்படித்தானே சொல்லுவோம், நெஞ்சு கரகரங்குது, வயிறு கடமுடங்குது என்று, எந்த டாக்டர் அதற்கு அர்த்தம் கேட்டார், போனில் இருந்தவளும் கேட்கவில்லை, சற்று நிதானித்து, ஹொரொக்? என்றாள் அவள் பாஷையில், செண்பகத்துக்கு மேலெல்லாம் சிலிர்த்தது, யாரும் சொல்லித்தராத சொல், ஆனால் பிள்ளையின் தொண்டை சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தானே, ஆமா, ஹொரொக் என்றாள் செண்பகம், ஷீபோல்? என்று விசில்போல் இழுத்தாள் போனில் இருந்தவள், இல்லை, அது இல்லை என்றாள் இவள், உகாத்? என்று கேட்டு நாய் குரைக்கிற மாதிரி இருமியும் காட்டினாள், ஆமாம்மா, காலையிலிருந்து அதே இருமல்தான்.

அப்புறம் அவள் சொன்னது செண்பகத்துக்குத் தெரிந்த ஆறு சொல்லில் ஒன்று, ஜன்னல், ஜன்னலைத் திற. செண்பகமோ காதைக் கட்டி, கம்பளி சுற்றி, காற்றுப் புகாமல் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறாள், பனிக்காற்று பட்டால் பிள்ளை என்னத்துக்காகும், அம்மா இருந்தால் கையை ஒடித்திருப்பாள், ஆனாலும் என் பிள்ளையின் இழுப்பைப் பார்க்காமலே பேர் சொல்லிக் கூப்பிட்டவள் இவள், இவளை நம்பாமல் யாரை நம்புவது, கம்பளியை உருவினாள், ஜன்னலைத் திறந்தாள், சில்லென்ற காற்று பிள்ளை முகத்தில் அடிக்கிறது, ஒரு மூச்சு, இன்னொன்று, இழுப்பு மெல்ல மெல்லத் தணிகிறது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மூக்கில் மருந்துப் புகை காட்டினார்கள், பிள்ளை தோளில் சாய்ந்து தூங்கிப்போனான், முகம் தெரியாத அந்த மகராசி நல்லா இருக்கணும், அவள் இன்னும் போனை வைக்கவில்லை, ஸுஸோக்? என்று தூங்குகிற பிள்ளை மூச்சுவிடுகிற மாதிரி மெதுவாகக் கேட்கிறாள், இதுவும் புதுச் சொல்தான், செண்பகம் போனை மகன் மூக்கருகே கொண்டுபோனாள், இரண்டு பொம்பளைகளும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.