எலுமிச்சம்பழத்தைச் சுற்றிவந்த குச்சி

ஈர்ப்புக் கோட்பாட்டைத் தமிழில் விளக்க முடியும் என்று வாதாடிவிட்டு, 1963இல் சிராங்கூன் சாலைச் சங்கமொன்றில் மேடை ஏறினார் கணித விரிவுரையாளர் சௌந்தரவல்லி. கூட்டம் கலைந்தால் அடுத்த மாதத்திலிருந்து அறிவியல் உரைகள் ஆங்கிலத்தில்தான் என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

கரும்பலகையில் இரண்டாவது சமன்பாடு வந்ததுமே பின்வரிசைக்காரர்கள் எழுந்தார்கள். வழக்கம்போல வரவேற்பில் கொடுத்த எலுமிச்சம்பழம் மேசைமேல் இருந்தது. சௌந்தரவல்லி அதன் காம்பருகே ஒடித்த தீக்குச்சி ஒன்றை ஒட்டிப் பிடித்தார்.

"குச்சியைத் திருப்பாம நடுவரைக்கும் இறக்கி, கால் சுற்று நகர்த்தி, மறுபடி காம்புக்கே கொண்டு போறேன்."

திரும்பி வந்த குச்சி வேறு பக்கம் பார்த்தது.

"டீச்சர், நீங்க கையைத் திருப்பிட்டீங்க லா!" என்றார் ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புக்கடைக்காரர் நெய்னா முகம்மது.

"வாங்க பாய், நீங்களே செய்ங்க."

செய்தார். அப்போதும் குச்சி வேறு பக்கமே பார்த்தது. கூட்டம் சிரித்தது. "நான் திருப்பவே இல்லையே!"

"யாரும் திருப்பல. தட்டையான மேசையில சுத்தினா திரும்பாது. இங்க பழத்தோட வளைவு திருப்புது. எந்தப் பக்கத்தை வடக்குன்னு வச்சுக்கிட்டாலும் இந்தத் திருப்பம் மாறாது. வெளியும் காலமும் இப்படித்தான் வளைஞ்சிருக்கு. அந்த வளைவைத்தான் ஈர்ப்புன்னு சொல்றோம்."

எழுந்தவர்கள் வாசலுக்குப் போகாமல் மேடைக்கு வந்தார்கள். வரவேற்புத் தட்டில் மிச்சமிருந்த பழங்களைச் செயலாளரே எல்லோருக்கும் கொடுத்தார்.

"அடுத்த மாசமும் நீங்கதாம்மா," என்றார்.

நெய்னா முகம்மது மட்டும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, குச்சியை இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.