பதினொன்றும் இருபத்து மூன்றும்

"பதினொண்ணுடா! எதிர்ல இருக்கிறவன் பதினொரு வகுப்புலயே ஆளைத் தேத்தி லைசென்ஸோட அனுப்புறான். நீ இருபத்தி மூணு எடுத்துக்கிற. கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறியா, கப்பல் ஓட்டவா?"

"அவங்க பயப்படுறாங்கக்கா."

"பயப்படட்டும்! அதுக்கு எதுக்கு என் பெட்ரோல்?"

"உன் பெட்ரோலா? எப்பக்கா அது உன் பெட்ரோல் ஆச்சு?"

சண்டை கீழே நடந்தது. நான் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாளியில் தண்ணீர் இல்லை என்பதை அவர்கள் கவனிக்கும் நிலையில் இல்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டிரைவிங் ஸ்கூல், மேலே நான். நடத்துவது அக்காவும் தம்பியும். அவளைத் தெருவே ஸ்டியரிங் அக்கா என்றுதான் சொல்லும்; எதையும் தன் பக்கம் திருப்பிவிடுவாள். கற்றுக்கொடுப்பது அவன். "கிளட்சை மெதுவா விடுங்க, மெதுவா..." என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவனுக்குக் கிளட்ச் என்றே பெயர் வந்துவிட்டது. தாய் தகப்பன் போனபோது அவனுக்குப் பத்து வயது. வளர்த்தது அவள்தான். அவள் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான்.

எல்லாம் அக்கா போய்வந்த ஒருநாள் கூட்டத்தில் ஆரம்பித்தது. சிறுதொழில் நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு, டை கட்டிய ஒருவர் பாடம் எடுத்தாராம். உங்கள் தொழிலில் முதலிடத்தில் இருப்பவன் யார் என்று பாருங்கள், அவனை அளந்து பாருங்கள், பிறகு உங்களை அளந்து பாருங்கள், நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புங்கள். இதற்குப் பெயர் பெஞ்ச்மார்க்.

"பெஞ்சா? முதல்ல அந்த மூணுகால் நாற்காலியை மாத்துக்கா" என்றான் தம்பி. அவள் சிரிக்கவில்லை.

முதலிடத்தில் இருந்தது தெருவுக்கு எதிர்ப்பக்கம், பச்சைக் கார்க்காரர்களின் ஸ்கூல். அவர்களுடைய பயிற்சி மைதானம் என் பால்கனிக்கு நேர் எதிரே. ஸ்டியரிங் அக்கா ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"மாடிக்கா, நீங்க எப்படியும் பாத்துக்கிட்டேதான் இருப்பீங்க. கொஞ்சம் எழுதியும் வைங்க."

இப்படி ஒரு மரியாதை எனக்கு ஜென்மத்தில் கிடைத்ததில்லை. வேடிக்கை பார்ப்பதே உத்தியோகம் ஆகிவிட்டது. அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் எண் போட்ட ஒரு மேல்சட்டை. தேர்வில் ஜெயித்தவர்களின் போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். சட்டை போட்ட நாளிலிருந்து போட்டோ ஒட்டும் நாள்வரை எத்தனை வகுப்புக்கு வந்தார்கள் என்று எண்ணினால் போதும். மூன்று மாதம், நாற்பது பேர், சராசரி பதினொரு வகுப்பு. ஒருநாள்கூடத் தவறவிடவில்லை, என் அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாளிலும்.

நம் ஸ்கூல் கணக்கை அவளே போட்டாள். இருபத்து மூன்று. இரண்டையும் பெரிய தாளில் வரைந்து, நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஒட்டினாள். அதற்கப்புறம்தான் நான் தண்ணீரில்லாத வாளியோடு கேட்ட சண்டை.

சண்டையில் ஜெயித்தது அக்கா. யாராக இருந்தாலும் பன்னிரண்டு வகுப்பு, அப்புறம் தேர்வுக்கு அனுப்பிவிட வேண்டும். கிளட்ச் தலையை ஆட்டிவிட்டான். அவள் சொல்லி அவன் தட்டியது இல்லை.

அப்படி அனுப்பிய முதல் பட்டியலில் இருந்தவள் மூலைக்கடைத் தையல்காரி. மிஷினில் பறக்கும் அவள் கால், காருக்குள் வைத்ததும் மரத்துப்போகும். முப்பத்தெட்டு வகுப்பு ஆகியிருந்தது. சராசரியைத் தூக்கி விட்டதில் பெரும்பங்கு அவளுடையது. அவளுடைய அம்மாவை வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகைக் காருக்குக் காத்து நின்று சலித்துப்போய்த்தான் கற்றுக்கொள்ள வந்தாள்.

"இன்னும் ஒரு பத்து வகுப்பு குடுத்தா இவங்க ஓட்டிடுவாங்கக்கா. இப்பத்தான் இடதுபக்கம் திரும்பவே பயம் போயிருக்கு."

"முப்பத்தெட்டுல வராதது நாப்பத்தெட்டுல வந்துடுமா? அனுப்பு."

தேர்வில், நாலு ரோடு சந்திக்கும் இடத்தில் கார் நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். தையல்காரி கதவைத் திறந்து இறங்கினாள். திறந்த கதவைச் சாத்தாமலே வீட்டுக்கு நடந்துவிட்டாள். அந்த மாதம் போன பதினொரு பேரில் ஏழு பேர் கோட்டை விட்டார்கள்.

கிளட்ச் கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"நீ சொன்ன மாதிரிதான்கா செஞ்சேன். இனிமே என்னால முடியாது."

"போடா, போ. போனா இங்க யாரு அழப்போறா?"

அவள் அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்தாலும் அதுதான், பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்தாலும் அதுதான். ஆயிரத்தோராவது தடவை அவன் போய்விட்டான். சாயங்காலம் வரை அவள் அவனுக்கும் சேர்த்துக் காபி போட்டு மூடி வைத்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, பச்சைக் கார் ஆபீஸில் உட்காரும் பெண், தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தாள். நான் பால்கனியில்தான் இருந்தேன், வேறு எங்கே.

"எங்கம்மாவை நீங்கதான் சேத்துக்கணும்கா."

"உங்க கடையை விட்டுட்டு இங்கயா?"

"எங்க முதலாளி எடுக்க மாட்டாருக்கா. முதல் நாளே ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுவாரு. ரெண்டு தடவை வண்டி நின்னா, ஆள் வேண்டாம். அந்த மாதிரி வர்றவங்களை எல்லாம் உங்ககிட்டதானே அனுப்புறோம். அந்தத் தையல்கார அக்காவைக்கூட நான்தான் அனுப்பினேன். பொறுமையா சொல்லித் தர்ற அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு... எங்க அவரு?"

ஸ்டியரிங் அக்கா வாசலுக்கு வந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாடிக்கா. இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? மைதானத்து மஞ்சள் கூம்புகளைச் சுற்றி, எண் சட்டை இன்னும் கிடைக்காத புது ஆட்கள் தடுமாறுவதையும், அந்தப் பெண்ணின் விரல் நம் வாசலைக் காட்டுவதையும் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பழக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். முடிவெட்டும் கடையில் நடித்தே காட்டியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதினொன்று கலைந்திருக்கும். நாற்பது பேரை எண்ணி, நானே வகுத்துக் கண்டுபிடித்த பதினொன்று.

"நீ எத்தனை வகுப்புன்னுதானேம்மா கேட்ட" என்றேன்.

அவள் உள்ளே போனாள். தாள் கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் தம்பியோடு போன் பேசும் குரல். கெஞ்சத் தெரியாதவள், தும்மல் வருகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவன் என்ன சொன்னான் என்று இறங்கிப் போய்க் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"'பரவாயில்லைக்கா'ன்னான்" என்றாள். "யாரோ கால மிதிச்சிட்டா சொல்ற மாதிரி."

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஸ்டியரிங் அக்காவே கற்றுக்கொடுத்தாள். இருபத்தொன்பது வகுப்பு. யாரும் எண்ணச் சொல்லவில்லை, பழக்கதோஷம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவா விடுங்க, மெதுவா..." என்று அவள் சொல்வது மேலே கேட்கும்.

கிளட்சுக்கும் தையல்காரிக்கும் நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கும் தப்பு. அவன் ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போய், அங்கே பள்ளி பஸ் ஓட்டினான். அந்தப் பள்ளியிலேயே ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டான். பத்திரிகை தபாலில் வந்தது. அக்கா போய், சொந்தக்காரர்கள் வரிசையில் உட்காராமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பிவிட்டாள். பச்சைக் கார்ப் பெண் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். அவள் அம்மா இப்போது தெருவையே கார் ஓட்டிக் கலக்குகிறாள்.

தையல்காரி கடையைக் காலி செய்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்துப் போனாள். சாமான் ஏற்றிய வேனில், டிரைவர் பக்கத்தில் அம்மாவை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வேன் தெருமுனையில் இடதுபக்கம் திரும்பியபோது, அவள் கால் தானாக ஒரு பெடலைத் தேடியதைப் பால்கனியிலிருந்து பார்த்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தனை தூரத்திலிருந்து கால் தெரியாது.